பல் வைத்தியரின் கோர்வெட்

உருத்திரமூர்த்தி செய்துவந்த குற்றத்தின் நீளம் எழுநூறு மீற்றர். வுப்பர்டால் நகரம் இத்தோடு முடிகிறது என்று சொல்லும் மஞ்சள் பலகையிலிருந்து, ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஹெர் வெசலின் கொட்டகை வாசல் வரைக்கும் அவன் அதைக் காலடியால் அளந்து வைத்திருந்தான். அகதி விண்ணப்பம் போட்டவன் நகர எல்லையைத் தாண்டக் கூடாது. வேலை செய்யவும் கூடாது. அவனோ கிழமையில் நாலு நாள் கடைசித் தரிப்பில் பஸ்ஸால் இறங்கி, எல்லையைத் தாண்டி, வேலைக்குப் போனான்.

"ஒரு நடையில ரெண்டு சட்டத்தை மிதிக்கிறாய் மச்சான். இது எல்லாராலயும் ஏலாது" என்று பீலிக்ஸ் பாராட்டுவான்.

வேலையைப் பிடித்துக் கொடுத்தவனே பீலிக்ஸ்தான். பாசையூரில் கடலுக்குப் போனவன், இப்போது ஒரு உணவகத்தின் பின்கதவுக்குள் களவாகக் கோப்பை கழுவினான். அங்கே வெள்ளிக்கிழமைகளில் மீன் சாப்பிட வரும் கிழவர் ஒருவர், பழைய கார் திருத்தத் தெரிந்த, அதிகம் பேசாத ஆள் வேண்டும் என்றாராம். உருத்திரமூர்த்திக்குக் கொக்குவிலில் கராஜ் இருந்தது. பேசாமல் இருப்பதைப் பொறுத்தவரை, அவனுக்குத் தெரிந்த ஜெர்மன் அதைத் தவிர வேறொன்றுக்கும் இடம் கொடுக்கவில்லை.

அது எண்பத்தேழாம் ஆண்டு புரட்டாதி. கொட்டகைக்குள் எதையோ வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரனுக்கு முகம் காட்டுகிற மாதிரி, ஹெர் வெசல் துணியைத் தலைப்பக்கமிருந்து மெதுவாக இழுத்தார். உள்ளே அறுபத்திமூன்றாம் ஆண்டுக் கோர்வெட் கூப்பே. அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் கப்பலில் கொண்டுவந்து, ஊர் திரும்பும்போது விட்டுப் போனது. வெள்ளிச் சாம்பல் நிறம். இரண்டு கதவு, இரண்டு இருக்கை, மூக்கு மட்டும் ஆறு பேருக்குப் போதுமான நீளம். முன்விளக்குகளைக் காணவில்லை. ஹெர் வெசல் ஒரு விளக்கு ஆளியைத் தட்டினார். ஏதோ முனகியது. உடம்புக்குள் ஒளிந்திருந்த விளக்குகள் உருண்டு வெளியே வந்தன. நித்திரையில் கிடந்த ஒன்று கண் திறந்து, ஆர் வந்திருக்கிறது என்று பார்த்தது.

"இங்கே வாருங்கள், ஹெர் மூர்த்தி." கிழவர் அவனைப் பின்பக்கம் கூட்டிப் போனார். பின்கண்ணாடி நடுவால் பிளந்திருந்தது. கூரையிலிருந்து வால்வரைக்கும் முதுகெலும்பு மாதிரி ஒரு வரம்பு. "ஒரே ஒரு வருடம்தான் இப்படிச் செய்தார்கள். பின்னால் வருவது தெரியவில்லை என்று ஓட்டியவர்கள் குறை சொன்னார்கள். அடுத்த வருடமே எடுத்துவிட்டார்கள். சில முட்டாள்கள் தங்கள் காரிலிருந்ததையும் வெட்டி எறிந்து ஒற்றைக் கண்ணாடி போட்டார்கள். வெட்டாமல் மிஞ்சியவற்றை இப்போது உலகம் முழுக்கத் தேடுகிறார்கள்."

பின்னால் வருவது தெரியாத காருக்கு உலகம் முழுக்க ஆட்கள் தவம் கிடக்கிறார்கள் என்பது உருத்திரமூர்த்திக்குப் புதினமாக இருந்தது. அவன் நாலு வருசமாகப் பின்னால் வருவதைப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவன்.

பீலிக்ஸ் ஒருநாள் கூட வந்து, காரின் விலாவில் விரலால் தட்டிப் பார்த்தான். "டேய், இது தகரமில்லை, பைபர்! எங்கட வள்ளம் செய்யிற சாமானெல்லோ. நாலு சில்லையும் கழட்டினால் நேரே ஊருக்கு விடலாம்."

"கையை எடடா. அந்தாள் பாக்குது."

ஹெர் வெசல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கோபப்படவில்லை. பீலிக்ஸ் தொட்ட இடத்தைப் பருத்தித் துணியால் துடைத்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பீலிக்ஸ் அந்தப் பக்கம் வரவில்லை. "அந்தாள் சிரிக்கேக்க பல்லு எல்லாம் ஒரே அளவாக் கிடக்கு மச்சான். எனக்குப் பிடிக்கேல்லை."

எஞ்சினின் மூடியான ஹெட்டுக்கும் அடிப்பாகமான பிளாக்குக்கும் நடுவே எண்ணெய் கசிந்தது. ஹெட்டைக் கழற்றி, இடையில் கசிவை அடைக்கும் கஸ்கெற் தகட்டை மாற்றவேண்டும். அவ்வளவுதான் சொன்ன வேலை. "உங்கள் ஊரில் எப்படிச் செய்வீர்களோ அப்படியே செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கிழவர் போனார். மேசையில் புத்தம்புது நீள அரம் ஒன்று கிடந்தது.

ஊரில் எப்படிச் செய்வார்கள்? மின்சாரம் நின்றுபோன கொக்குவிலில், கடைசல் பட்டறை பூட்டிக் கிடந்த காலத்தில், உருத்திரமூர்த்தி பிளாக்கின் முகத்தில் நீலம் பூசி, மேடு தெரிகிற இடமெல்லாம் அரத்தால் இழுத்து, மயிரிழை வெளிச்சம் போகாத அளவுக்குக் கையாலேயே மட்டம் எடுப்பான். ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்காத வேலையைச் செய்து கொடுப்பதில்தான் கராஜின் பேர் நின்றது. கஸ்கெற் மாற்றக் கொண்டுவந்த காரைக் கஸ்கெற் மட்டும் மாற்றிக் கொடுத்தால், அவன் தொழில்காரன் இல்லை, கடைக்காரன்.

பிளாக்கின் முன்னோரத்தில், வலப்பக்கம், ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு இரும்பு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஊத்தையைத் துடைத்தான். ஆறு இலக்கம் அடித்திருந்தது: 101948. ஊரில் ஆமிக்காரரிடம் வாகனப் பாஸ் எடுக்க எஞ்சின் இலக்கங்களைப் பாடமாக்கிய பழக்கத்தில் ஒருதரம் வாய்க்குள் சொன்னான். கடைசி நாலும் அவன் அண்ணை பிறந்த வருசம். பிறகு அரத்தை எடுத்தான். அந்த இரும்புத் துண்டும் பிளாக்கின் முகமும் ஒரே மட்டத்தில் இருந்தபடியால், இழுத்த இழுவையில் அதுவும் சேர்ந்து சுத்தமானது. மத்தியானத்துக்குள் பிளாக் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இருந்தது. அவன் தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு நிமிர்ந்தபோது, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தது.

ஹெர் வெசல், கமெராவோடு. அவர் காரின் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து அல்பத்தில் ஒட்டி வந்தார். "காரின் சரித்திரம்" என்பார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை. கமெராவின் வாயிலிருந்து வழிந்த படத்தை ஈரம் காய விசிறிக்கொண்டே சொன்னார்:

"மிக அழகு. மிக மிக அழகு."

மறுநாட் காலை அவர் பல்லுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியோடு வந்தார். பிளாக்கின் முன்னோரத்தைப் பார்த்தார். சொத்தை கண்ட வைத்தியரின் பெருமூச்சு ஒன்று வந்தது.

"இங்கே ஒரு இலக்கம் இருந்தது, ஹெர் மூர்த்தி."

"இருந்தது. ஊத்தை... சுத்தம்..." ஜெர்மன் அத்தோடு முடிந்துவிட்டது.

கிழவர் அவனை இருத்தி, கோப்பி ஊற்றிக் கொடுத்து, பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். இந்தக் காரை வாங்குகிறவர்கள் ஓடுவதற்கு வாங்குவதில்லை. அவர்கள் வாங்குவது பிறப்பை. உடம்பில் ஒரு இலக்கம், எஞ்சினில் அதே இலக்கம். இரண்டும் ஒத்துப்போனால், தொழிற்சாலையில் எதோடு பிறந்ததோ அதோடேயே இருக்கிற கார். அதற்கு ஒரு வீட்டின் பெறுமதி. ஒத்துப்போகாவிட்டால்...

"பொய்ப்பல்" என்றார். "எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும்."

உருத்திரமூர்த்தி கோப்பியைக் கீழே வைத்தான். ஒரு வீட்டை அரத்தால் இழுத்துக் கொட்டிவிட்டிருக்கிறான். மன்னிப்புக் கேட்க வாயெடுக்க முன்னமே, கிழவர் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து வெல்வெட் பெட்டி ஒன்றை வெளியே வைத்தார். உள்ளே உருக்கு அச்சுக்கள், பூச்சியத்திலிருந்து ஒன்பது வரை, வரிசையாக. "அந்தக் காலத்து எழுத்து வடிவம். அமெரிக்காவிலிருந்து எடுப்பித்தேன். உங்கள் கை நடுங்காது, பார்த்திருக்கிறேன். திரும்ப அடித்துவிடுங்கள். புதன்கிழமை சுவிஸிலிருந்து ஒருவர் வாங்க வருகிறார்."

போன உயிர் திரும்பி வந்தது. திரும்பி வந்த உயிருக்குப் பெட்டியைப் பார்த்ததும் மறுபடி போகவேண்டும்போல இருந்தது. நேற்று அழிந்த இலக்கத்துக்கு, அமெரிக்காவிலிருந்து அச்சு எப்போது வந்தது? அதிலும் பூச்சியமும் எட்டும் தலையில் அடிபட்டு அடிபட்டு மழுங்கியிருந்தன. ஏற்கெனவே வேலை செய்த அச்சு.

கிழவர் ஒரு துண்டில் இலக்கத்தை எழுதி நீட்டினார்: 118305.

"இது இல்லை" என்றான் உருத்திரமூர்த்தி. "இருந்தது வேற."

"உங்களுக்கு எங்கள் இலக்கங்கள் குழம்புகின்றன. நாங்கள் இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்று பின்முன்னாகச் சொல்கிறவர்கள்."

அவன் எழும்பிப் போய்க் காரின் கதவைத் திறந்து, உள்ளே ஆணியடித்திருந்த தகட்டைப் பார்த்தான். 118305. உடம்பின் இலக்கம் அது. எஞ்சினில் இருந்தது வேறொரு காரின் இலக்கம். இந்த எஞ்சின் இந்த உடம்போடு பிறந்ததே இல்லை. அவன் அரத்தை எடுக்க முன்னமே அந்த வீடு இடிந்துதான் கிடந்திருக்கிறது. இடிந்ததைத் துடைக்க ஒரு கை தேவைப்பட்டது. எல்லை தாண்டி வந்த, வேலை செய்யக் கூடாத, பொலிசிடம் போக ஏலாத ஒரு கை.

ஹெர் வெசல் அல்பத்தைத் திறந்தார். அரத்தோடு இரண்டு கறுத்த கைகள். முகம் இல்லை. ஆனால் இடது நடுவிரலின் நுனி இல்லை. அதை ஒரு ஒஸ்ரின் கேம்பிரிஜ் காரின் விசிறி எழுபத்தொன்பதிலேயே வாங்கிவிட்டது.

"யோசிக்காதீர்கள்" என்று அவன் தோளைத் தட்டினார். "வலிக்காது."

அகதி விடுதியில் ஒரு அறை, அதில் இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, மனைவி ஜெயமலர். அவள் கடதாசிகளை எல்லாம் பிளாஸ்ரிக் பை ஒன்றில் போட்டுத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தாள். வியாழக்கிழமை டுசெல்டோர்ஃபில் நீதிமன்றம். முதல் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். வேறு ஒருவரின் பாஸ்போட்டில் வந்தவன் சொல்லும் மற்றக் கதையும் நம்பத்தகுந்ததாக இல்லை என்று எழுதியிருந்தது. மேன்முறையீட்டில் நீதிபதி பார்க்கப்போவது ஒன்றைத்தான் என்று வக்கீல் சொல்லியிருந்தார்: இந்த ஆள் சொல்வதை நம்பலாமா, இல்லையா? நம்பினால் இருக்கலாம். இல்லையென்றால் இரண்டு பேரும் விமானத்தில்.

"என்ன, முகம் செத்துக் கிடக்கு?" என்றாள் ஜெயமலர்.

"பல்லுக்கொதி."

"பல்லு டொக்டரிட்டத்தானே வேலை செய்யிறீங்கள். காட்டுறதுக்கென்ன?"

"அவர் புடுங்கிப்போடுவார்."

அவள் சிரித்தாள். அவன் அவளுடைய சிரிப்பைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கும் பல் கொதிக்கும்.

செவ்வாய்க்கிழமை ஹெர் வெசல் கொட்டகைக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்தார், ஆராவது வருகிறார்களா என்று பார்க்க. உண்மையில் அவர் சுத்தியல் அடியை எண்ணுகிறார் என்று உருத்திரமூர்த்திக்குத் தெரியும். ஆறு அடி. கூடவும் ஏலாது, குறையவும் ஏலாது.

புதுக் கஸ்கெற்றோடு ஹெட்டைப் பூட்டி முடித்துவிட்டு, அவன் இலக்கம் எழுதிய துண்டை எடுத்துப் பார்த்தான். பெட்டியை எடுத்துப் பார்த்தான். ஏற்கெனவே ஒரு பொய்யோடு இந்த நாட்டுக்குள் வந்தவன். அந்தப் பொய்யை அவன் சொன்னது உயிருக்காக. இது ஆருடைய உயிருக்காக? ஒன்று மட்டும் அவனுக்கு நல்லாக விளங்கியது: அழித்தது தன் கை. அழித்ததை எப்படி இருந்ததோ அப்படித் திருப்பி வைப்பது தொழில்காரனின் கடமை. வீரமெல்லாம் இல்லை.

முதல் அடி, ஒன்று. இரண்டாவது பூச்சியம். மூன்றாவதும் ஒன்று. வெளியே கதிரை கிரீச்சிட்டது. அவன் சுத்தியலை நிறுத்தினான். மழைத் தூறல் மட்டும் கேட்டது. ஒன்பது. நாலு. எட்டு.

101948.

அதன்மேல் எண்ணெயும் கரியும் குழைத்துத் தடித்த பூச்சாகப் பூசினான். இருபத்திநாலு வருச ஊத்தை இருக்கவேண்டும் என்பது கிழவரின் சொந்த உத்தரவு. உள்ளே வந்த ஹெர் வெசல் பல்லுக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார். ஊத்தைக்குக் கீழே ஆறு நிழல் தெரிந்தது. ஆறு சத்தம் கேட்டது, ஆறு நிழல் இருக்கிறது. அவர் திருப்தியாகக் கையைக் கழுவினார்.

சுவிஸ்காரர் புதன்கிழமை காலை பத்து மணிக்கு, சொன்ன நிமிடத்தில் வந்தார். மெலிந்த மனிதர். காரைச் சுற்றி வந்தார், பிளந்த கண்ணாடியின் வரம்பைக் கையால் தடவினார், கண்ணை மூடினார். அப்படிக் கும்பிடும் முகத்தை உருத்திரமூர்த்தி நல்லூர்த் தேரடியில் பார்த்திருக்கிறான். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்னப் போத்தலும் துணியும் எடுத்து, எஞ்சினின் முன்னோரத்தைத் துடைத்தார். ஹெர் வெசல் புன்னகையோடு நின்றார்.

"நூற்றியொன்று, தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு" என்று வாசித்தார் சுவிஸ்காரர். உள்ளே குனிந்து தகட்டைப் பார்த்தார். மறுபடி வந்து எஞ்சினைப் பார்த்தார்.

"மாற்றி எழுதலாம் என்று ஒருவரும் நினைக்கவில்லையே, அதுவே அதிசயம்" என்றார் கடைசியில். "நேர்மையான எஞ்சின். ஆனால் நான் இவ்வளவு தூரம் வந்தது நேர்மையைத் தேடி அல்ல." ஹெர் வெசலுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

அவருடைய காரின் சத்தம் மலையிறங்கித் தேய்ந்து முடியும்வரை கிழவர் அசையவில்லை. பிறகு வெள்ளைத் துணியை எடுத்து, ஒரு மடிப்பும் விழாமல் காரைத் தலைவரை மூடினார்.

"நினைவில் வைத்திருந்தீர்கள்."

"ஓம்" என்றான் உருத்திரமூர்த்தி. ஜெர்மன் வரவில்லை.

"மழை பெய்கிறது. குடையைக் கொண்டு போங்கள்."

அந்த எழுநூறு மீற்றரையும் அவன் ஓடித்தான் கடந்தான். குடையை விரிக்க நினைவு வரவில்லை.

அன்று பின்னேரம் ஆறு மணிக்கு விடுதிப் பொறுப்பாளர் கீழேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார். தொலைபேசி. அவனுக்கு இந்த நாட்டில் ஒருவரும் தொலைபேசி எடுத்ததில்லை.

"ஹெர் மூர்த்தி, நான் கோபமாக இல்லை" என்றது குரல். "உங்கள் கை நல்லது. ஞாபகமும் நல்லது. அப்படிப்பட்ட ஒருவரை நான் எப்படிப் போகவிடுவேன்? மாசியில் இன்னும் இரண்டு கார் வருகிறது. இலக்கங்களும் இருக்கின்றன. நாளை ஒன்பதரைக்கு உங்கள் வழக்கு. விசாரித்தேன், பொதுமக்களும் போய் இருக்கலாமாம். பின்வரிசையில் இருப்பேன். என்னைப் பார்த்து ஒருதரம் தலையாட்டினால், நான் அகதிகள் மேல் அக்கறையுள்ள ஒரு கிழவன். இல்லையென்றால், அல்பத்தைக் கொண்டுவருகிறேன், நீதிபதிக்குக் காட்ட. என் பிழை இருந்தால் எனக்குத் தண்டப்பணம். உங்களுக்கு என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை."

அறைக்குத் திரும்பியபோது பீலிக்ஸ் அவனுடைய சேட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். உருத்திரமூர்த்தி கட்டிலில் இருந்து, அரத்திலிருந்து தொலைபேசி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான்.

"ஆட்டிவிடு மச்சான்" என்றான் பீலிக்ஸ். "தலையாட்டுறது எங்களுக்கென்ன புதுத் தொழிலோ? அதோட நாங்கள் ஆட்டுறது ஓமோ இல்லையோ எண்டு எந்த வெள்ளைக்காரனுக்கு விளங்கும்?"

"இந்தாளுக்கு விளங்கும்."

"அப்ப அவர் மாசியில வரச் சொல்லுவார்" என்றாள் ஜெயமலர். "அதுக்குப் பிறகு பங்குனியில. பிறகு நாங்கள் சாகுமட்டும்."

"நான் முதல்லயே சொல்லிப்போட்டால்?" என்றான் அவன். "அவர் காட்ட முன்னம் நானே எழும்பிச் சொன்னால், அவரிட்ட என்ன மிஞ்சும்?"

"அவரிட்டக் கார் மிஞ்சும்." அவள் தலையணைக்குக் கீழே இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எங்களிட்ட என்ன மிஞ்சும் எண்டுதான் எனக்குத் தெரியேல்லை. ஆனா சொல்லுங்கோ."

சேட்டில் தீய்ந்த வாசம் வந்தது. பீலிக்ஸ் திடுக்கிட்டு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினான். "பயப்பிடாத. கொலருக்குப் பின்னால. கோட்டு மறைக்கும்."

வியாழக்கிழமை நீதிமன்ற வாசலில் சின்னக் கூட்டம் நின்றது. கறுப்பு அங்கி கையில் தொங்க இரண்டு வக்கீல்கள், பத்திரிகை விற்கிறவன், சைக்கிளோடு ஒரு பெட்டைப்பிள்ளை. நடுவில் வெள்ளிச் சாம்பல் கூப்பே, ஈரத்தில் பளபளத்துக்கொண்டு. எல்லோரும் சிரித்த முகத்தோடு பிளந்த கண்ணாடியைக் குனிந்து பார்த்தார்கள். உருத்திரமூர்த்தியைப் பார்த்தது காரின் முன்விளக்குகள் மட்டும். ஹெர் வெசல் அவற்றை வெளியே உருட்டி விட்டிருந்தார். ஜெயமலர் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினாள்.

மொழிபெயர்ப்புக்கு வந்தவள் வைதேகி, சென்னைப் பிள்ளை, ஆஹெனில் படிக்கிறவள். நீதிபதி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பின்கதவு திறந்தது. ஹெர் வெசல் மழைக்கோட்டை மடித்து வைத்து, பின்வரிசையில் உட்கார்ந்து, அல்பத்தை முழங்காலில் வைத்தார். உருத்திரமூர்த்தியைப் பார்த்தார். காத்திருந்தார்.

உருத்திரமூர்த்தி தலையாட்டவில்லை. எழும்பி நின்றான்.

"பிள்ளை, நீதிபதி கேள்வி கேக்க முன்னம் நான் ஒண்டு சொல்லவேணும். நான் சட்டத்தை மீறி எல்லை தாண்டிப் போய் வேலை செய்தனான். அங்க ஒரு இலக்கத்தை அழிச்சனான். பொய் இலக்கம் அடிக்கச் சொன்னவை. அடிக்கேல்லை. சொன்னவர் பின்னுக்கு இருக்கிறார்."

வைதேகியின் முகம் வெளிறியது. அவன் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டாள்: "சார், இதெல்லாம் ஜட்ஜ் உங்களைக் கேக்கவே இல்லையே. உங்க கேஸ் போயிடும். நிஜமா டிரான்ஸ்லேட் பண்ணணுமா? திங்க் பண்ணிச் சொல்லுங்க."

நீதிபதி பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்வரிசையில் அல்பத்தின் மட்டை திறக்கும் சத்தம் கேட்டது.

"ஓம், பிள்ளை" என்றான் உருத்திரமூர்த்தி. "ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ. அந்தாள் எழும்ப முன்னம் சொல்லுங்கோ."

அவள் நீதிபதியின் பக்கம் திரும்பி, ஜெர்மனில் தொடங்கினாள்.